வாத்தால் நீந்தப்படும்

மார்ச் 4

எங்கள் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தின் வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். கரும்பலகை துடைக்கும் துணி இனி நீல நிறத்தில் இருக்கும் என்று நிர்வாகி அறிவித்தார். ஆசிரியர்கள் எழுந்து நின்று கேட்டோம். கூட்டம் கலையும்போது, போகிற போக்கில் என்னிடம், "சார், உங்க வகுப்புல ஆள் சேரலைன்னா அடுத்த மாசம் மூடிடலாம். நாற்காலி போட்டு வைக்க இடமில்ல" என்றார்.

என் வகுப்பில் சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டும். நிர்வாகியே எடுக்கும் வகுப்பில் கொடுத்ததைப் புரட்டினால் போதும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக, நேர்கூற்றை அயற்கூற்றாக. வாக்கியம் உண்மையா, யாருக்காவது வேண்டுமா என்ற கவலை கிடையாது. வாத்து நீந்துகிறதா? வாத்தால் நீந்தப்படும். அறை நிரம்பி வழிகிறது.

மார்ச் 6

அக்கா மகள் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஆங்கிலம் வேண்டுமாம். நிர்வாகியின் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

"தப்பா நினைக்காதடா தம்பி. உன்கிட்ட மூணு பேருதானே படிக்கிறாங்க?"

ஆடுகளும் மேய்ச்சலை இப்படித்தான் தேர்ந்தெடுக்கின்றன.

மார்ச் 19

அவள் வீட்டுக்கு வந்தாள். "சாப்பிட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, 'நான் சாப்பிட்டேனா என்று மாமா கேட்டார்' என ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பிழையே இல்லை.

"சரி, சாப்பிட்டியா இல்லியா?"

"அதுக்குப் பதில் சொல்றது எங்களுக்கு இன்னும் நடத்தல மாமா."

மார்ச் 27

நாளை அவளுக்கு நேர்முகத் தேர்வு. இரண்டு வருடமாக வேலை தேடுகிறாள். "பயமா இருக்கு மாமா" என்றாள்.

"நீ எங்க பயப்படுற? உன்னால பயப்படப்படுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு ஏன் இந்த நாக்கு?

மார்ச் 28

தொலைந்தது. எதைக் கேட்டாலும் கேள்வியையே அயற்கூற்றாக்கித் திருப்பித் தந்திருக்கிறாள். தேர்வு செய்தவர்களில் ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினாராம். அவர் கத்தியதையும் பணிவாக அவருக்கே தெரிவித்தாளாம். அக்கா போனில் அழுதாள். எத்தனை தடவை சொன்னேன் — கேட்டாதானே? இனிமே அந்த மனுஷன் வகுப்புக்கு எவன் போறான்னு பாக்கறேன்.

ஏப்ரல் 2

வேலை கிடைத்துவிட்டது. அங்கே போனில் திட்டுகிறவர்கள் சொல்வதை அவர்களுக்கே மரியாதையாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். பதில் மட்டும் சொல்லிவிடக் கூடாதாம். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டினார்களாம்.

அவள் படம் நிலைய வாசலில் தொங்குகிறது. அதைத் துடைக்கவும் நீலத் துணிதான்.

ஏப்ரல் 5

என் அறையில் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். நிர்வாகியின் வகுப்புக்குக் கூட்டம் தாங்கவில்லை; திங்கள் முதல் இரண்டாம் பிரிவு. நான் எடுக்கிறேன். முதல் பாடம், வாத்து.