தொடர்ந்து பேசிவருகிறோம் என்ற ஒரு வரி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனியாக ஒரு பிடிவாதத்தில் இருக்கிறது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, போனில் உன் குரலே சொல்லிவிடுகிறது, சித்தப்பா வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து அதில் ஒரு நிம்மதி வந்திருக்கிறது. சந்தோஷம். போனிலேயே பேசாமல் எதற்கு இவ்வளவு எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய், நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பின்னாலிருந்து உன் சித்தப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அவன் டிவியைப் பார்த்துத்தான் சிரித்தானோ என்னவோ, எனக்கு அதோடு பேச்சு நின்றுபோகிறது. கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். நீ தனியாக உட்கார்ந்து படி.

உன் அறையில் உன் அம்மா கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவ வந்தா எடுத்துட்டாப் போச்சு என்கிறாள். எதிர்வீட்டு பேங்க்காரரின் மகனுக்கு நீ இருக்கிற நாட்டில் குடியுரிமையே கிடைத்துவிட்டதாம், மாடிப்படியில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார், கையில் காய்கறிப் பையோடு நானும் நின்று கேட்டேன். அந்தப் பையனின் பிறப்புச் சான்றிதழையும் மார்க் ஷீட்டையும் மொழிபெயர்த்து முத்திரை போட்டுக்கொடுத்தவன் நான்தான், அது அவருக்கு நினைவில் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, பெர்மிட் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் நான் அறை போட்ட நாள் முதல் இந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்களில் பாதிப் பேர் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். வரும்போது கையைக் கட்டிக்கொண்டு சார் சார் என்பார்கள், லீவில் திரும்பி வரும்போது என் படிக்கட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. இத்தனை பேரை அனுப்பிவைத்துவிட்டு நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் தெரிவது அதே வரிசைதான், முகம்தான் மாறுகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், உன் பெர்மிட் அந்த வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் பெர்மிட்டும் போகும், மாதக் கடைசிக்குள் வேறு வகைக்கு மாறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று போனில் நீ அழுதாய். அந்த நாட்டில் குடியுரிமை உள்ள ரத்த உறவு ஒருவர் பொறுப்பேற்றால் உறவினர் பெர்மிட்டுக்கு மாறலாம் என்பது எனக்கும் தெரியும், அந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் நீ அனுப்பிய செய்தியில் சித்தப்பா எல்லாத்தையும் பாத்துக்கறார்ப்பா, அவர் உங்க கூடப்பிறந்தவர்னு நீங்க ஒரு சத்தியப் பத்திரம் மட்டும் குடுத்தாப் போதும் என்று எழுதியிருந்தாய். உன்னைப் படிக்க வைத்தது, உன் முதல் பெர்மிட்டுக்கு ஒவ்வொரு தாளாக அடுக்கிக்கொடுத்தது, விமான நிலையத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது எல்லாம் நான். எல்லாத்தையும் பார்த்துக்கொள்கிறவன் அவன்.

உனக்குக் கதை முழுதாகத் தெரியாது, உன் அம்மா பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். நீ பிறப்பதற்கு முன்னால் நானும் அவனும் ஒரே நாளில் மனுப் போட்டோம். அவன் மனுவையும் நான்தான் எழுதினேன், அவனுக்கு அந்த மொழியில் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல வராது. நேர்காணலில் உங்களுக்கு ஏன் எங்கள் நாடு என்று கேட்டார்கள். நான் படித்தவன், அந்த நாட்டின் சட்டம், கல்வி, நூலகம் என்று ஒழுங்காகப் பதில் சொன்னேன். இவன் என்ன சொன்னான் தெரியுமா, எங்க அண்ணன் வர்றார், அதான் நானும் வர்றேன் என்று சொல்லிவிட்டுச் சிரித்தானாம். அவனுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. காரணமும் சொல்ல மாட்டார்கள். நான் எனக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்த மரநிறப் பெட்டி, பூட்டு உட்படப் புதிது, அதில் துணியை அடுக்கிக்கொண்டு அவன் போனான். அதையும் பொறுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்து அவன் போட்ட முதல் கடிதத்தில், நீ வராததும் நல்லதுக்குத்தாண்ணா, உனக்கு இந்தக் குளிரும் இந்த வேலையும் ஒத்துக்காது என்று எழுதியிருந்தான். ஆறுதலாம். எனக்கு ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்று அவன் எப்படிச் சொல்லலாம்? அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு. யாராவது கேட்டால் நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று சொல்லிவிடுவேன், அப்படியே பழகியும் போனது.

அதனால் உன் செய்தி வந்ததும் நான் உடனே எழுந்து ஓடவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். அவனுக்கு வீடு இருக்கிறது, பின்னால் தோட்டம் இருக்கிறது, இரண்டு கார் நிற்கிற ஷெட் இருக்கிறது, அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். எனக்கு இருப்பது நீ ஒருத்தி. உன்னையும் அவன் வீட்டு ஆள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் என்ன, நம் வீட்டில் உனக்கு அறை இல்லையா, இங்கே பல் ஆஸ்பத்திரி இல்லையா என்று யோசித்தேன். உன் அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அவள் கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, உங்க வீம்புக்கு எம் பொண்ணு ஊரு திரும்பணுமா, அவ வந்து இந்த ரூமுல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தா உங்களுக்கு நிம்மதியா என்று கேட்டாள். துணியை மடித்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் புறப்பட்டுப் போனேன்.

சத்தியப் பத்திரத்தை நானே இரண்டு மொழியிலும் எழுதினேன். ஆனால் சொந்தக் குடும்பத்துத் தாளுக்கு மொழிபெயர்ப்பாளர் தானே சான்று போடக்கூடாது, அதற்குப் பக்கத்து அறையில் இருக்கிற இன்னொரு மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டியிருந்தது. அவரை நீ பார்த்திருக்கிறாய், எங்கே வெள்ளை இடம் தெரிந்தாலும் குத்திவிடுவார், அதனால் எல்லோரும் அவரை முத்திரை என்றே கூப்பிடுவோம். என் வாடிக்கையாளர்களை மாடிப்படியிலேயே மடக்குகிறவர். அவர் பத்திரத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சார், இவரு உங்க தம்பியா, ஒரே புள்ளன்னுல்ல சொல்லிக்கிட்டு இருந்தீங்க, எங்க அப்பா செத்தப்பக்கூட நீங்க வந்து உக்காந்து உங்களுக்காவது அண்ணன் தம்பி இருக்காங்க, எனக்கு அதுவும் இல்லன்னு சொன்னீங்களே, நான் வீட்டுல போய் உங்களுக்காக வருத்தப்பட்டேன் சார் என்றார். முத்திரையைக் குத்துங்கள் என்றேன். குத்தினார், வழக்கத்தைவிட மெதுவாக.

அங்கிருந்து நோட்டரி அம்மாவிடம் போனேன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு, கையெழுத்துப் போடுகிறவர் பத்திரத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், படிக்காமல் போட்டவர் யாரோ பிற்பாடு எனக்குத் தெரியாது என்று வழக்குப் போட்டதிலிருந்து வந்த வழக்கம். அந்த அறையில் பெஞ்சு நிறைய ஆட்கள், நகல் கொடுக்க வந்த ஜெராக்ஸ் கடை அக்கா வேறு போகாமல் கதவருகே நின்றுகொண்டாள். நான் படித்தேன். இன்னார் என் உடன்பிறந்த தம்பி. நாங்கள் ஒரே வீட்டில் ஒரே பெற்றோரிடம் வளர்ந்தோம். இந்த இரண்டையும் எழுதும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வாயால் சொல்லும்போது பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் தாளையே பார்த்துக்கொண்டு சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அது அந்த நாட்டு ஆபீஸ் கொடுத்திருக்கும் மாதிரிப் படிவத்தில் உள்ள வரி, குடும்ப உறவினர் என்ற முறையில் நாங்கள் இன்றுவரை தொடர்ந்து பேசிவருகிறோம் என்பது. மற்றவர்களுக்காக அதை எத்தனை தடவை மொழிபெயர்த்திருப்பேன், அந்த வரியில் அப்படி ஒன்று இருப்பதே என் கண்ணில் பட்டதில்லை.

என்ன சார் நின்னுட்டீங்க, கண்ணாடி மாத்தணுமா என்றார் நோட்டரி அம்மா. இந்த வரி உண்மை இல்லை என்றேன். அப்ப அடிச்சுட்டுச் சின்னதா ஒரு கையெழுத்து வைங்க என்றார். அடித்தால் அந்த ஆபீஸ் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும், மாதக் கடைசி தாண்டிவிடும், அது அவரைவிட எனக்குத் தெரியும். எனக்குப் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்திருந்த முத்திரை, எல்லாரும் போடற வரிதானே சார், போட்டுட்டுப் போங்க, யாரு போன் போட்டுக் கேக்கப்போறா என்றார். அவர் போடுவார். நான் போட மாட்டேன். என் கையெழுத்துக்கு மேலே ஒரு பொய்கூட இதுவரை இருந்ததில்லை, அது ஒன்றுதான் இத்தனை வருஷத்தில் நான் சேர்த்த சொத்து. அவனுக்கு என் பெட்டியைக் கொடுத்தேன், என் பெண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இதையும் அவனுக்காக விடுவதா?

வெளியே வந்து மாடிப்படியில் நின்று உன் அம்மாவுக்குப் போன் போட்டு அவன் நம்பர் எங்காவது இருக்கிறதா, தேடிப் பார் என்றேன். தேடவில்லை, மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மாலையில் வீட்டுக்குப் போய் அவள் போனை வாங்கிப் பார்த்தேன், கேஸ் கம்பெனி என்ற பெயரில் அந்த நம்பர் இருந்தது. கேஸ் புக் பண்றேன் என்று பால்கனிக்குப் போய்ப் பேசுவாளே, ஒரு சிலிண்டருக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எல்லோரும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்.

அவள் ஒப்பித்த நம்பரை மாடிப்படியில் நின்றபடியே அடித்தேன், அங்கே அப்போது விடியற்காலை. எடுத்தான். நான்தான் பேசறேன் என்றேன். அண்ணா, யாருக்கு என்ன ஆச்சு என்றான். யாருக்கும் ஒன்னும் ஆகல, ஒரு வரிக்காகக் கூப்பிட்டேன் என்று சொல்லி அந்த வரியைப் படித்துக்காட்டி, அது உண்மையாக இருந்தால்தான் கையெழுத்துப் போட முடியும் என்பதையும் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில், ஒரு தடவ பேசினாத் தொடர்ந்து பேசினதா ஆகுமாண்ணா என்று கேட்டான். ஆகாது என்றேன். அப்ப வெச்சுட்டு மறுபடி கூப்பிடுண்ணா என்றான். வைத்துவிட்டுக் கூப்பிட்டேன், மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். உன் பெட்டி இன்னும் இருக்குண்ணா, கைப்பிடிதான் போயிடுச்சு என்றான். கைப்பிடி போன பெட்டியை எதுக்கு வெச்சிருக்கே என்றேன். நீ ஒருநாள் கேப்பேன்னுதான் என்றான். உள்ளே நோட்டரி அம்மா கூப்பிட்டார், வைத்துவிட்டேன். அன்று மாலையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினேன், மறுநாளும் பேசினேன், அதற்கு அடுத்த நாள் போய் மூன்றாவது வரியையும் நிறுத்தாமல் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பேசியது எல்லாம் அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதுதான், வரியில் என்ன பேசினோம் என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் தோட்டத்துப் படத்தை நீ அனுப்பினால் இப்போதும் எனக்குப் பிடிக்காது, அனுப்பாதே. அவன் போடும் டீ நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், என்னைப் போல நூலகம் வரைக்கும் போகாதே. அசல் தாள்களை யார் கையிலும் விடாதே, ஆபீஸில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கு, அதை அவன் வீட்டு மேஜையில் போடாமல் உன் பையில் வை. உன்னை வளர்த்தது யார் என்று கேட்டால் முதலில் என்னைச் சொல், பிறகு உன் அம்மாவை, அவனைப் பற்றிக் கேட்டால் சித்தப்பா என்று மட்டும் சொன்னால் போதும். சித்திக்கு வீட்டு வேலையில் கூடமாட உதவி செய், யாரும் நம்மைக் குறை சொல்லக்கூடாது. வேலை கிடைத்ததும் தனியாக ஓர் அறை பார்த்துக்கொள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

பத்திரத்தை இந்தக் கடிதத்தோடே கூரியரில் அனுப்புகிறேன், மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன், நீயும் மடிக்காதே. நீ நினைத்தபடி அங்கேயே காலூன்றி, யாருக்கும் கடன்படாமல் தலைநிமிர்ந்து இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. உன் அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், கேஸ் கம்பெனியையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், அவளுக்குக் குளிர்விட்டுப் போய்விட்டது.

ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூப்பிடுவேன், உன்னை அல்ல, உன் சித்தப்பாவை. எங்கேயும் போகாமல் வீட்டில் இருந்து போனை எடுக்கச் சொல். பெர்மிட் உன் கைக்கு வருகிற வரைக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் பத்திரத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தேன், அந்த வரியில் முடிவுத் தேதி எதுவும் போடவில்லை.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த
அப்பா