ஏழு பத்து வண்டியும் எங்க ஸ்டாப்பும்

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பினால் ஸ்டாப்பைக் காணோம். குமணன்சாவடி தாண்டி, பதினாலு வருஷமாக நான் நின்ற இடம். மேலே ஓடப்போகிற ரயிலுக்குத் தூண் போட வேலி அடைத்திருக்கிறார்கள். ஸ்டாப் போர்டு கம்பத்தோடு ஜூஸ் கடை வாசலில் படுத்துக் கிடக்கிறது.

ஏழு பத்துக்கு வண்டி வந்தது. கை காட்டினோம். டிரைவர் ‘முன்னாடி போ’ என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார். முன்னாடி ஓடினால் அங்கே நிற்கிறவர்கள், “பின்னாடிதான் நிக்குதாம்” என்கிறார்கள்.

எட்டு மணி வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர எட்டு இருபது. கம்பெனி வாசலில் முகம் பார்க்கும் மெஷின் என்னைச் சரியாக அடையாளம் கண்டு அரை நாள் லீவு போட்டது. சட்டை தைக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர். யார் லேட்டாக வந்தாலும் நான்தான் கேட்க வேண்டும். இன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் திருப்தியாக இல்லை.

ஜூன் 13

மகள் உஸ்மா காலேஜுக்குப் போகுமுன் என் போனில் மூன்று ஆப் போட்டுக் கொடுத்தாள். “உலகமே விரல் நுனியில கீதும்மா. நீ இன்னும் கையக் காட்டிகினு நிக்கிறியே.”

முதல் ஆட்டோக்காரர் போன் செய்து “எங்க போணும்?” என்றார். “எஸ்டேட்டு.” கட். இரண்டாவது ஆட்டோ, மூன்று நிமிஷத்தில் வருகிறேன் என்று மேப்பில் சொல்லிக்கொண்டே ஐயப்பன்தாங்கலில் இருபது நிமிஷம் நின்றது. மூன்றாவது, பைக். ஓட்டுகிற பிள்ளை என் புர்காவைப் பார்த்துப் பயந்துவிட்டான். “ஏறுவீங்களா ஆன்ட்டி?” ஏறினேன். வேறு என்ன செய்ய?

போகிற வழியில் என் வீட்டுக்காரருடைய சீட் கவர் கடை. பார்த்திருக்கிறார். சாயங்காலம் மெதுவாகக் கேட்டார்: “காலைல பைக்குல போனது நீயா?”

“நான்தான்.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஹெல்மெட்டு போட்டிருந்தே. நல்லது.”

இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் ஹாஜா மொய்தீன் என்னைப் பாராட்டியது இது இரண்டாவது தடவை.

ஜூன் 17

ஷேர் ஆட்டோ. உள்ளே பத்து பேர். “எடம் கீதும்மா, ஏறு” என்கிறார் டிரைவர். எங்கே — யார் மடியில்?

ஜூன் 30

பர்மிஷன் போட்டுவிட்டு மனு கொடுக்கப் போனேன். ஸ்டாப்பில் நிற்கிற இருபத்தேழு பேர் கையெழுத்து.

ரோட்டு ஆபீஸில், “ரோடுதான் எங்களுது, கம்பம் பஸ்காரங்களுது” என்றார்கள். பஸ் ஆபீஸில், “கம்பம் எங்களுதுதான். அத நடுற எடம் ரோட்டுக்காரங்களுது.” வேலி போட்டிருக்கிற இடத்தில், “தூண் மட்டும்தான் எங்களுது மேடம்.” அங்கிருந்து வேறொரு ஆபீஸ். அங்கே இருந்த சார் மனுவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்க எந்த டிபார்ட்மென்ட்?” என்றார்.

“நிக்கிற டிபார்ட்மென்ட் சார்” என்றேன்.

எழுதிக்கொண்டார்!

ஜூலை 17

எங்க ஸ்டாப்பில் ஏறுகிற, என் லைன் நிஷா வேலையை விட்டுவிட்டாள். இந்த மாதம் மட்டும் ஏழு லேட்டு. “ஆறு மணிக்கே கெளம்பினா புள்ளைக்கு யாருக்கா சோறு ஊட்டுவா? ‘பஸ்ஸே இல்லாத வேலைக்கு எதுக்குப் போற’ன்றாரு எங்க ஊட்டுக்காரு.” வேலை இருக்கிறது, வேலை செய்யக் கை இருக்கிறது. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர்.

அவளைப் போல காலர் வைக்க லைனில் ஆள் கிடையாது. அவள் மெஷினுக்குப் புதுப் பெண்ணை உட்கார வைத்தேன். வைத்த காலரெல்லாம் கோணல். திட்ட வாய் வரவில்லை. அந்தப் பெண்ணும் இரண்டு வண்டி மாறித்தான் வந்திருக்கிறாள்.

எனக்கு ஏன் இவ்ளோ ஆத்திரம் வருது? யார் மேல? தூண் மேலயா?

ஆகஸ்ட் 20

மனு பலித்தது! நிழற்குடை வந்துவிட்டது. பளபளவென்று இரும்பு பெஞ்ச், சோலார் விளக்கு, போன் சார்ஜ் போடும் இடம். மாலை போட்டு, ரிப்பன் வெட்டி, எங்களைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஏழு பத்து வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

“சார், பஸ்ஸு?”

“குடைதான்மா நம்ம வேலை. பஸ்ஸு வேற செக்‌ஷன்.”

ஆகஸ்ட் 23

சார்ஜ் நன்றாக ஏறுகிறது.

ஆகஸ்ட் 25

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் வண்டி தூரத்தில் தெரிந்ததும், எனக்கே தெரியாமல் ரோட்டில் இறங்கிவிட்டேன். சாப்பாட்டுப் பையோடு நட்ட நடுவில். பின்னாலேயே ஸ்டாப்பில் கூட நிற்கிற ராதிகா, தேவிப்பிரியா, மற்றவர்கள். வண்டி முட்டுகிற மாதிரி வந்து நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “ஊட்ல சொல்லிகினு வந்தியா? சாவ வேற வண்டி கெடைக்கலியா?”

“வேற வண்டி இருந்தா ஒன் வண்டிக்கு ஏன்யா நிக்கிறோம்?” என் குரலா அது!

“இங்க நிறுத்த ஆர்டர் இல்லம்மா. நிறுத்தினா எனக்கு மெமோ குடுப்பாங்க.”

“நீங்க நிறுத்தாதீங்க அண்ணாத்தே. நாங்க ரோட்ட க்ராஸ் பண்றோம். ஆள் மேல ஏத்தக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குமில்ல?” என்றேன்.

கண்டக்டர்தான் முதலில் சிரித்தார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தார். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கம்பெனி!

செப்டம்பர் 2

இப்போது தினமும் சரியாக ஏழு பத்துக்கு நாங்கள் ரோட்டைக் கடக்கிறோம். மெதுவாக, ரொம்ப மெதுவாக. எதிர்ப்பக்கம் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. டிரைவர் பேர் டில்லிபாபுவாம். “இன்னைக்கி சீக்கிரம் க்ராஸ் பண்ணுங்கம்மா, பின்னால லாரி ஆரன் அடிக்கிறான்” என்கிறார்.

செப்டம்பர் 18

நிஷா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. “போலீஸ் புடிக்காதாக்கா?” அவள் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல், “போய்ப் பாரேன்” என்றார். திங்கள்கிழமை வருகிறாளாம். மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு அவள் மெஷினைக் காலி செய்து வைத்தேன்.

அக்டோபர் 8

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. படுத்தபடி மணியைப் பார்த்தேன் — ஏழு பத்து. யார் முதலில் இறங்குவார்கள்? நிஷாவுக்குத் தைரியம் பத்தாது.

ஏழரைக்கு அவளிடமிருந்தே போன். பின்னால் வண்டிச் சத்தம்.

“யக்கா, இன்னிக்கி நாங்க யாரும் எறங்கவே இல்ல. வண்டி தானா வந்து குடையாண்ட நின்னுச்சி. ‘அந்தம்மா எங்க?’ன்னு டிரைவரு கேட்டாரு. காய்ச்சல்னு சொல்றதுக்குள்ள ரெண்டு நிமிசம் உனக்கோசரம் வண்டிய நிறுத்திகினு ரோட்டையே பாத்துகினு இருந்தாரு.”

“வண்டியில யாரும் திட்டலியா?”

“திட்டினாங்களே. உன்னத்தான்.”