முப்பது அகலப் பலகை

செல்வி அப்பா,

கம்பெனி வேன் வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். செல்விக்கு இன்று லீவு, தூங்கட்டும்.

தச்சர் அடுப்படிப் பலகையை அறுக்க வருவார். அறுக்க வேண்டாம். மசாலா டப்பா வைக்க முப்பது அகலம் போதும் என்றுதான் சொன்னேன். எங்கள் மத்தாப்புக் கம்பெனியில் முப்பது என்றால் சென்டிமீட்டர். காலண்டர் பிரஸ்ஸில் இஞ்ச் கணக்கில் பேப்பர் வெட்டுகிற நீங்கள் தச்சரிடம் முப்பது இஞ்ச் சொல்லிவிட்டீர்கள். கேட்டால், "நீ நம்பரத்தான சொன்ன, சென்டின்னா சொன்ன?" என்கிறீர்கள். சீசன் நேரம். இனிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நேற்று செல்வி ஸ்டூல் மேல் நின்று, அந்தப் பலகையில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதினாள். "யம்மா, இத அறுக்காதீக, எனக்கு இருக்கட்டும்" என்றாள்.

அதனால் கழற்றிக் கீழே இறக்கி அடிக்கச் சொல்லுங்கள். டேப்பை எடுக்காதீர்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கை வருகிற இடத்தில் சுவரில் கோடு போடுங்கள்.

பொன்மணி

உங்கள் நெற்றி வீக்கத்துக்கு மஞ்சள் குழைத்து வைத்திருக்கிறேன். அந்தப் பலகையில் நானும் இடித்துக்கொண்டேன். கோபத்தில் இருந்ததால் உங்களிடம் சொல்லவில்லை.