ஒரே ஒரு முகவரி

இன்று காலை பொம்மனஹள்ளி பேருந்து நிறுத்தத்தின் பின்சுவரில் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து மைதாப் பசையின் புளித்த வாசனை வந்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். கட்சிக்காகச் சுவரொட்டி ஒட்டிய ஒன்பது வருடமும் அந்த வாசனை நம் இருவர் புடவையிலும் இருந்தது.

பதவிக்காகவா கட்சிக்குப் போனோம்? விவேக் நகரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே சாராயக்கடை திறந்தார்கள். அதைக் கேட்க வந்தது அந்தக் கட்சி மட்டும்தான். குடும்பம், ஒழுக்கம், பக்தி என்று அவர்கள் பேசியது உனக்குப் பிடித்துப்போயிற்று. முக்காடில்லாமல் மாதா கோயில் பூசைக்கு வருகிற பெண்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவள் நீ. "நம்மள மாதிரியே பேசுறாங்கடி" என்றாய். தங்கவயலில் நம் அப்பாக்கள் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். உங்கள் வீட்டில் மாதா படம், எங்கள் வீட்டில் முருகன் படம். அதுவரை அது நமக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை.

கட்சியில் அது விஷயமாக இருந்தது. கேமரா வந்தால் உன்னை முன்வரிசைக்கு இழுப்பார்கள். "சிலுவை தெரியற மாதிரி நில்லுங்கம்மா" என்பார்கள். கேமரா போனபிறகு நடக்கிற கமிட்டிக் கூட்டத்துக்கு உனக்குத் தகவலே வராது. தலைவருக்கு ஆரத்தி எடுக்க நீ தட்டைத் தூக்கியபோது, ஒருத்தி சிரித்துக்கொண்டே அதை வாங்கி என் கையில் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் வார்டு தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஜெபக்கூட்டம் நடக்குற வீடுங்க, சும்மா ஒரு லிஸ்ட் வேணும்மா. அவங்க ஆளுங்க வீடு உங்க சிநேகிதிக்குத்தானே தெரியும்? நீங்க சொன்னா கேப்பாங்க."

பக்கத்து வார்டில் ஒரு ஜெப வீட்டு வாசலில் கும்பல் நின்று கத்தியது அதற்கு முந்தின வாரம்தான். எதற்கு லிஸ்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நேராக உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்: "என் வீட்டையும் எழுதணுமாடி?"



ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நீ எழுந்து போய் மேசையில் ஒரு தாளை வைத்தாய். தலைவர் சத்தமாகப் படித்தார். ஒரே ஒரு முகவரி. உன்னுடையது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபம். வாங்க, காபி குடுக்கிறேன். வேற வீடு எனக்குத் தெரியாது" என்றாய்.

பின்னாலிருந்து ஒரு குரல், "என்ன இருந்தாலும் அவங்க அவங்கதான்" என்றது. உனக்கும் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாய். நாங்கள் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். நான் எழவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை உன் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். இதை உன்னிடம் சொன்னதேயில்லை. ஆறு மணி, ஆறரை, ஏழு. கும்பல் எதுவும் வரவில்லை. உன் வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன். தலைவர் அதற்குள் மற்றப் பெண்களிடமும் லிஸ்ட் கேட்டிருக்கிறார். "எனக்கென்ன தெரியும்?" என்று ஒவ்வொருத்தியும் கையை விரித்துவிட்டாளாம். கடைசிவரை அந்த லிஸ்ட் எழுதப்படவேயில்லை. உனக்குப் பின்னால் அவர்களுக்கும் தைரியம் வந்திருக்க வேண்டும். எனக்குத்தான் இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கமாட்டாய் என்றே நினைத்தேன். திறந்தாய்.

"செருப்ப உள்ள விடு, நாய் தூக்கிட்டுப் போயிடும்."

அவ்வளவுதான் சொன்னாய். நான் அழுது முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும்" என்றாய். "அவங்க ஆளா இருந்தாலும் நல்லவங்கன்னு என்னப் பத்தி ஒன்பது வருஷம் கட்சியில சொன்னாங்க. நீயும் ஒருவாட்டி சொல்லியிருக்க. என் பக்கத்துலயே நின்னு."

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன். உன்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"ஆமா, சொன்னேன்."

"ம். ஒத்துக்கிட்டியே." நீ சிரித்தாய். "இப்பத்தான்டி லேசா இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்குப்பிறகு நமக்கு நான்கு வருடம் கிடைத்தது. கட்சி இல்லாமலே மனுக் கொடுத்துக் கொடுத்து அந்தச் சாராயக்கடையை இடம் மாற்ற வைத்தோம். தலைமுக்காடு பற்றிய உன் கோபம் மட்டும் மாறவில்லை. அதற்காகச் சண்டையும் போட்டோம்.

உன் அடக்கப் பூசையில் உன் மகள் என் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியதை நீ இருக்கும்போதே ஒத்துக்கொண்டுவிட்டேன் என்ற நிம்மதியோடு அழுதேன். அப்படி அழுவது ஒரு பாக்கியம்.

இப்போதும் யாராவது என் எதிரில் "அவங்க ஆளுங்க" என்று ஆரம்பித்தால் எழுந்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருப்பதில்லை.