பாட்டிலில் குமிழி விடும் காற்று

என் அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது உங்கள் முகம் பார்த்துப் பேசாதவள், இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

அக்காவுக்குப் பெண் குழந்தை. மூன்று மாதம் ஆகிறது. சளி பிடித்து, பால் குடிக்க முடியாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் குழி விழுந்தது. கம்பைநல்லூரிலிருந்து தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவசரப் பிரிவில் மூக்கில் சின்னக் குழாய் வைத்தார்கள். அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். காற்று குமிழி குமிழியாக வந்தது.

நுரையீரலின் நுண்ணிய குழல்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறது, இதைக் குணமாக்கத் தனி மருந்து இல்லை, ஆறும்வரை மூச்சுக்குத் துணை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அம்மா என் காதில், "மருந்தே இல்லாத நோவுக்கு ஆஸ்பத்திரி எதுக்குடி? தண்ணி பாட்டில்ல காத்து வுட்டு ஏமாத்துறாங்க. படிச்சவதானே, கேளு" என்றாள்.

கேட்க வாய் வரவில்லை. எனக்கும் சந்தேகம்தான். சிஸ்டர் பாட்டிலை உற்றுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால், எதையோ மறைக்கிறார் என்றே தோன்றியது. உங்களுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்த அன்றைக்கே நீங்கள் போய்விட்டீர்கள். மாஸ்க்தான் கொண்டுபோனது என்று அம்மா இன்றும் சொல்கிறாள். இல்லையென்று நான் எதை வைத்துச் சொல்வது?

நேற்று அக்கா சாப்பிடப் போயிருந்தாள். பாப்பா அழுதாள். "மூக்கு நோவுது பாரு, என் கண்ணுக்கு" என்று அம்மா குழாயை எடுத்துவிட்டாள். பாட்டில் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் நின்றது. அம்மா சிரித்தாள். நான் குழந்தையின் விலாவைப் பார்த்தேன். குழி ஆழமாகிக்கொண்டே போனது. உதடு நீலம் பாய்ந்தது.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். அது என் குரல்தானா?

ஓடி வந்து குழாயை வைத்தார். குமிழி வந்தது. மெல்ல நிறமும் வந்தது.

"யாரும்மா எடுத்தது?"

"அதுவா வுழுந்துடுச்சுங்க" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

உங்களையும் அந்த மாஸ்க் முடிந்தவரை பிடித்துத்தான் வைத்திருந்ததா அப்பா?

இன்று பாப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு. "தானாத்தான் சரியாவுது. நாளைக்கு வூட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்" என்கிறாள் அம்மா. குழாய் இன்னும் வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அக்கா இருவரையும் பார்க்கிறாள், பிறகு என்னை.

கட்டிலை விட்டு நகர மாட்டேன். இது உறுதி. ஆனால் கண் அசந்துவிட்டால்?

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மாவின் கனவில் மாஸ்க்கோடுதான் வருகிறீர்களாம். கழற்றிவிடச் சொல்லிக் கை காட்டுகிறீர்களாம். இன்றைக்கு மாஸ்க் இல்லாமல் வாருங்கள். வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சின்ன மகள்