அப்பாவின் சட்டைக்கு வெள்ளைக் கட்டை போதவில்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீ நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, ஆனால் எல்லோரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். அம்மா நலம். உன் மாமா நலத்துக்கும் மேலே. எனக்குத்தான் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வலது கைப்பக்கம் யார் வந்தாலும் உடம்போடு திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் தூங்குகிற மனிதனைப் போல மணிக்கணக்கில் நடித்ததால் வந்த பிடிப்பு அது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன வாரம் போனில் குரல் கொஞ்சம் கம்மியது, ஒன்றுமில்லைப்பா என்றாய், உன் ஒன்றுமில்லை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வெந்நீர் குடி. இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அறை அலமாரியின் மேல் நிற்கிறதே, நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிளாஸ்டிக் கட்டைகளால் கட்டிய கலங்கரை விளக்கம், வந்து எடுத்துக்கிறேன் அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது என்று வாசலில் பெட்டியோடு நின்று சொல்லிவிட்டுப் போனாயே, அதைப் பிரிக்க உன் அனுமதி வேண்டும். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் போன் என்றாலே ஸ்பீக்கர்தான், உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அவளுக்குத் தெரியாமல் கேட்க வேண்டியிருப்பதால் பேனாவை எடுத்தேன்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்தது முழுக்கத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டிய கை, சும்மா இரு என்றால் இருக்குமா. முதல் மாதம் வீட்டிலுள்ள திரைச்சீலைகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்துத் தைத்தாள். அடுத்து தலையணை உறைகள். அடுத்து என் கால்சட்டைகள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து காணாமல் போய் அரை அங்குலம் குட்டையாகத் திரும்பி வந்தன. துணியெல்லாம் தீர்ந்துவிட்டால் என் தோலைப் பிடித்துத் தைத்துவிடுவாளோ என்று பயந்திருந்த நேரத்தில், உன் கட்டிலுக்கு அடியில் இருந்த விளையாட்டுக் கட்டைகளின் பெட்டி அவள் கண்ணில் பட்டது. எனக்குத் தப்பித்த நிம்மதி. முதலில் ஒரு தேநீர்க் கெண்டி கட்டினாள். பிறகு ஒரு செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்திருப்பது உட்பட என் செருப்பேதான். பிறகு பாதி வெட்டிய ரொட்டி ஒன்று, மேசை மேல் அதைப் பார்த்த உன் மாமா, அக்கா வெண்ணெய் எங்கே என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி எடுத்தான், எடுத்த பிறகுதான் தெரிந்தது. மின்சார வேலை பார்க்கிறவன், எந்தக் கம்பியையும் கண்ணை மூடிக்கொண்டு இனம் காண்பேன் என்று பெருமை பேசுகிற ஆள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைச் சாப்பிடுவதற்கு முன்பும் விரலால் தட்டிப் பார்க்கிறான்.

அந்தச் செருப்பை அம்மா நூலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள், காட்டவில்லை, பைக்குள் தானாக இருந்தது என்கிறாள், அதை நம்புகிறவர்கள் நம்பலாம். நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று புதிதாக ஒரு கூடம் திறக்கப் போகிறார்கள். அங்கே நூலகராக இருக்கிற பெண்மணி செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடத்தின் நடுவில் வைக்கிற மாதிரி பெரிதாக ஒன்று கட்டித் தர முடியுமா, கீழே உங்கள் பெயரை எழுதி வைக்கிறோம் என்று கேட்டிருக்கிறார். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கட்டைகள் வீட்டில் கிடந்தால் கொடுங்கள் என்று வாசகர்களிடமும் சொல்லிவைத்தார், பை பையாக வந்து சேர்ந்தது. அன்று அம்மா வீட்டுக்கு வந்ததும் கை கழுவினாள், இரண்டு பேருக்கும் தேநீர் போட்டாள், பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே, என் பெயரைப் போடுவாங்களாம் என்றாள். நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவன், வாரத்துக்கு நான்கு முறை என் பெயர் அச்சில் வந்துகொண்டிருந்தது, ஒரு கட்டத்துக்குப் பிறகு அதைப் பார்ப்பதும் இல்லை. அவள் வெட்டிய சட்டைகளை இந்த ஊரில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள், காலருக்குள் இருக்கிற லேபிளில் வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் இருக்கும். இந்த வேலை அவளுக்கு எதற்கு என்று நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

என்ன கட்டப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன், என் ஏழரை அங்கே ஆரம்பித்தது. புத்தகம் படிக்கிற இடம், அதனால படிச்சிக்கிட்டே தூங்கிப் போன ஒரு ஆள் என்றாள். மாதிரிக்கு வெளியே ஆள் தேட வேண்டாம், வீட்டிலேயே ஒருத்தர் அதைத்தானே தொழிலா வெச்சிருக்கார் என்று உன் மாமா எடுத்துக் கொடுத்தான். வாய் மூடியிருக்கட்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன், நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதே இல்லை என்றும் சொன்னேன். மாமா போனை எடுத்து ஆதாரம் காட்டினான். ஒன்றல்ல, தேதிவாரியாக வைத்திருக்கிறான். ஆகவே வாய் திறந்தே இருக்கிறது. இடுப்புக்கு மேலே நிஜ அளவில் ஒரு மனிதன், நம் பழைய நாற்காலியிலேயே சாய்ந்து, மார்பில் கவிழ்ந்த புத்தகத்தோடு. அவள் பார்த்துக் கட்டுவதற்காக நான் எதிரே இன்னொரு நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்குவது போல மணிக்கணக்கில் உட்கார வேண்டும், கழுத்து பிடித்தது அதில்தான். அம்மா டேப்பை எடுத்து என்னை அங்கம் அங்கமாக அளந்து, கட்டம் போட்ட தாளில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வட்டம் வரைந்தாள், சட்டைக்கு வெட்டுத்தாள் போடுவாளே அதே மாதிரி. அந்தத் தாளின் மேலேயே கட்டைகளை வைத்துப் பார்த்து அடுக்கினாள், உள்ளே கூடு, வெளியே இரண்டு வரிசை. பசை கிடையாது, பசை போடுறவனுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம் என்கிறாள்.

வயிறு வந்ததும் நான் அதிர்ந்துபோனேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இது நானா என்றேன். டேப் பொய் சொல்லாது என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், பிறகு யாரிடமும் சொல்லாமல் தேநீரில் சர்க்கரையை விட்டேன். காலையில் நடக்கப் போகிறேன். மாலையில் பேக்கரியைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதால் சுற்றுவழியாக வீட்டுக்கு வருகிறேன். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, தோள்பட்டைக்கு வந்தபோது வெள்ளைக் கட்டை தீர்ந்துவிட்டது. சிலை போட்டிருப்பது வெள்ளைச் சட்டை. சிவப்பு இருக்கிறது, பச்சை இரண்டு பை இருக்கிறது, வெள்ளையை மட்டும் எந்தப் பிள்ளையும் மிச்சம் வைக்கவில்லை. பொம்மைக் கடைக்காரர் தனியாக வெள்ளை வராது, சொல்லி அனுப்பினால் திறப்பு முடிந்த பிறகுதான் வரும் என்று கையை விரித்துவிட்டார். அப்போதுதான் மாமா உன் அறைப் பக்கம் பார்த்து, அக்கா, அந்த விளக்குல முக்கால்வாசி வெள்ளைதானே என்றான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான், அவன் வாழ்க்கையில் இது முதல் தடவை. அவள் கேட்க மாட்டாள். எனவே நான் கேட்கிறேன். அந்தக் கலங்கரை விளக்கம் உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கு இந்தச் சிலை எவ்வளவு பெரிது என்று உனக்கும் இப்போது தெரியும். உன் பதிலை மாமாவின் போனுக்கு அனுப்பு. சரி என்றால் சரி, வேண்டாம் என்றாலும் இங்கே யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.

பாப்பா, மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் இங்கே கதை வேறு பக்கம் போய்விட்டது, அதனால் அதே தாளில் தொடர்கிறேன். நான்கு நாளைக்கு முன் மதியம் மாமா மறுபடி வந்தான், கோபமெல்லாம் அவனிடம் ஒரு வேளை தாங்காது. சிலையின் வெள்ளையும் நிஜச் சட்டை வெள்ளையும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம் என்று அம்மா என் சட்டை ஒன்றை எடுத்து அதன் மேல் போர்த்தினாள். போர்த்தியவள் பழக்கத்தில் பொத்தானையும் போடப் போனாள். போட முடியவில்லை. நான்கு விரல் இடைவெளி நிற்கிறது. மாமா என்னைப் பார்த்தான், சிலையைப் பார்த்தான், அத்தான், நீங்க இளைச்சிட்டீங்களா இல்ல இவரு பெருத்துட்டாரா என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், நடை பலித்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா கட்டத்தாளை எடுத்து ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்திருக்கிறாள் தெரியுமா, என்னை அளந்த அளவோடு, சட்டை வெட்டும்போது சேர்ப்பது போல, தையலுக்கு இவ்வளவு லூஸுக்கு இவ்வளவு என்று சுற்றிலும் கூட்டிக் கூட்டி வரைந்திருக்கிறாள். கை தானாகப் போட்டுவிட்டது, கூட்டியது அவளுக்கே தெரியாது. லூஸ் எதுக்குடி என்றேன். மனுஷன் மூச்சு விட வேண்டாமா என்று அவள் வாய் தானாகப் பதில் சொன்னது. சிலைக்கு எதுக்குக்கா மூச்சு என்று மாமா கேட்டதுதான் தாமதம், அம்மாவுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இத்தனை நாள் சர்க்கரை இல்லாமல் குடித்த தேநீருக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அதனால உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடலை, இன்னும் கொஞ்சம் குறைஞ்சா நல்லதுதான் என்றாள்.

சிரித்து முடித்த பிறகுதான் நிலைமை புரிந்தது. இருக்கிற வெள்ளை முழுக்க என் சட்டையின் லூஸுக்குப் போயிருக்கிறது. சரியான அளவில் கட்டினால் போதும், ஆனால் அதற்கு இடுப்பிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், திறப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. கலங்கரை விளக்கத்தை எடுத்தால் இரண்டு தடவை உட்கார்ந்து தோளை முடித்துவிடலாம், ஆள் கொஞ்சம் பருமனாக இருப்பான், அவ்வளவுதானே. நான் வேண்டுமானால் சிலை அளவுக்குப் பருத்துவிடுகிறேன், பேக்கரி வழியாக நடந்தால் போதும் என்றும் சொன்னேன். மாமா என் பக்கம் நின்றான். அந்தத் தைரியத்தில் உளறிவிட்டேன், பாப்பாவுக்கு எழுதியாச்சு, தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி என்றேன். அம்மாவின் முகம் மாறியதை நான் எழுத வேண்டியதில்லை, அந்த முகம் உனக்கும் தெரியும். அவளுக்கு ஏன் எழுதினீங்க என்றாள். கேட்டால் என்ன, அவள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறாள் என்றேன். அதான் சொல்றேன், கேட்டா சரின்னுதான் சொல்லுவா, எடுத்துக்கோம்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவா, அதனாலதான் கேட்கக் கூடாது என்றாள். கொஞ்ச நேரம் கட்டைகளை வண்ணம் வண்ணமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள், துணியெல்லாம் கொண்டுபோயிட்டா, புத்தகத்தை இவன் பார்சல்ல அனுப்பிட்டான், வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லி விட்டுட்டுப் போனது இந்த வீட்ல அது ஒண்ணுதான்.  

உடனே எழுந்து, சிலைக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்த தலையை இரண்டு கையாலும் தூக்கி, வாய் திறந்தபடி, என் மடியில் வைத்தாள். என் தலையை நானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தப் படத்தையும் உன் மாமா எடுத்துவிட்டான், எப்படியும் உனக்கு வந்து சேரும். தோள், மார்பு, வயிறு என்று எல்லாம் கீழே இறங்கிவிட்டது. புதுத் தாளில் புது வட்டம் வரைந்திருக்கிறாள், இந்தத் தடவை ஒவ்வொரு வட்டம் வரைந்த பிறகும் லூஸ் இல்லை, லூஸ் இல்லை என்று முணுமுணுக்கிறாள். நான் வண்ணம் பிரித்துக் கொடுக்கிறேன், மாமா மாலையில் வந்து குமிழ் உடைந்த கட்டைகளைப் பொறுக்கி எடுக்கிறான். நூலகரிடம் நான் போய் நிலைமையைச் சொன்னேன், முடிந்தவரை வரட்டும், பாதி மனிதனாக இருந்தாலும் வைக்கிறோம், பெயரட்டை எழுதியாகிவிட்டது என்றார். இதை அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பாதியில் விடுவதற்கு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளுக்குள் முடியுமா என்று எனக்குத் தெரியாது. இப்போது இடுப்புக்கு மேல் ஒரு சாண் வந்திருக்கிறது. அழகாக வந்திருக்கிறது, நான் இவ்வளவு நன்றாக இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆகவே பாப்பா, மேலே நான் கேட்டதைக் கேட்காததாக வைத்துக்கொள். சரி என்று சொல்லிவிடாதே, அப்பா எழுதியிருந்தாரே எடுத்துக்கோங்க என்று பாசத்தில் போனிலும் வாய் தவறிவிடாதே. அம்மாவுக்கு உதவ நினைத்தால் இந்த வருஷம் எப்போது லீவு கிடைக்கும் என்று கேட்டு வைத்துத் தேதியைச் சொல், என்னிடம் அல்ல, அவளிடமே சொல். தேதி தெரியாவிட்டால் மாதத்தையாவது சொல். தொண்டைக்கு டாக்டரைப் பார்த்தாயா என்று அடுத்த தடவை கேட்பேன், பார்த்தேன் என்று சொல்வதற்கு முன் பார்த்துவிடு. ஊரும் வேலையும் உனக்கு இசைவாக அமைந்து, நோய் நொடி இல்லாமல், சிரித்த முகமாக இரு. உன் அறையைப் பெருக்கித் துடைத்துத்தான் வைத்திருக்கிறோம், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் தூசி தட்டுவது மட்டும் அம்மா, அதற்கு என்னை விடுவதில்லை. அவள் கூப்பிடுகிறாள், தோளுக்கு அளவு எடுக்க வேண்டுமாம், போய் நாற்காலியில் தூங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா