தனி அடுப்பு

உன் வீட்டுப் பின்னறையில் புதிதாக மெழுகிய களிமண் வாசனை அடித்தது. இந்த முறை அங்கே விருந்துக்குப் போகவில்லை, நம் மின்வாரிய ஆபீஸிலிருந்து ஆய்வுக்குப் போயிருந்தேன். அந்த அறைக்கு உன் அம்மா பெயரில் தனி மின் இணைப்பு கேட்டு உன் மனைவி விண்ணப்பம் கொடுத்திருந்தாள். உன் அம்மா தனிக் குடும்பம் என்று நான் எழுதிவிட்டால் அந்த இணைப்புக்கும் நூறு யூனிட் இலவசம். உன் சம்பளம் நின்றுபோன வீட்டில் அது உதவிதான்.

திண்ணனூர் நாடு என்கிற மலையூர்கள் பக்கம் நாம் ஒரே பைக்கில் இதே வேலையாகப் போன காலத்தில், நான் ரேஷன் கார்டைக் கேட்பேன், நீ நேராக அடுப்படிக்குப் போவாய். கேஸ் வந்தும் மலையில் விறகடுப்பை யாரும் விட்டபாடில்லை. அடுப்புக்கு மேலே சுவரில் கரி பிடித்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வருவாய். "கார்டு ஆபீஸ்ல குடுக்கறது மாப்ள. அடுப்பு அவங்களாப் பிரிச்சுக்கறது" என்பாய். நீ மலைக்காரன். உங்கள் ஊரில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும், இன்னொரு அடுப்பு போட்டால் பாகம் பிரிந்ததாக அர்த்தம். அதன் பிறகு அவரவர் சோறு அவரவருக்கு.

குண்டூர் நாட்டில் ஒருவர் நமக்காகவே அவசரமாக ஓர் அடுப்பு போட்டு வைத்திருந்தார், மண் ஈரம்கூடக் காயவில்லை. "பச்சக் கொழந்தயா இருக்குதுங்களே, எப்பப் பொறந்துச்சுங்க?" என்று கேட்டாய். மனிதர் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பலாச்சுளை கொடுத்தனுப்பினார். நான் கேட்டிருந்தால் கைகலப்பில் முடிந்திருக்கும். அந்த விஷயத்தில் உன்மேல் எனக்குப் பொறாமைதான்.

உன் வீட்டு அடுப்பும் பச்சையாகத்தான் இருந்தது. சுவரில் பொட்டுக் கரி இல்லை. "அம்மா தனியா ஆக்கிக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்ண்ணா, தனியாத்தான்" என்றாள் உன் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

உன்னைப் போலக் கேலி பேசிச் சமாளிக்க எனக்கு வாய் வரவில்லை. விண்ணப்பத்தில் எழுதப் பேனாவை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னயத் தனின்னு எழுதிப்போடாதீங்க சாமி. மண்ணுக் கொழைக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பையனும் போய்ச் சேந்துட்டான். இவளும் சோத்தப் பிரிச்சுட்டா நா எங்க சாமி போவேன்?"

உன் மனைவி ஆடிப்போய்விட்டாள். "கரண்டுக்குத்தானுங்க அத்தை போட்டேன். உங்களப் பிரிக்கறதுக்கா போட்டேன்?" என்று அழுகையோடு திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆபீஸ்காரன் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரைக்கும்தான் அந்த அடுப்பு என்று அவள் நினைத்திருந்தாள். உன் அம்மாவுக்கோ, போட்டால் போட்டதுதான். மண் குழைத்த நேரத்திலிருந்து ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தகுதி இல்லை என்று எழுதினேன். அப்படி எழுதியதற்காக ஒருவர் என்னைக் கும்பிட்டது இந்த உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை. "பில்லு வாறபடி வரட்டுங்ண்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் மனைவி என்னைச் சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரே சட்டியிலிருந்து மூன்று பேருக்கும் சாமைச் சோறு போட்டாள். நீ போனதிலிருந்து அம்மா அரை வயிறுகூடச் சாப்பிடுவதில்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றார்.

இப்போதெல்லாம் உன்னை நினைத்தால் பைக்கும் மலைப்பாதையும் ஞாபகத்துக்கு வருவதில்லை. நீட்டிய அந்தத் தட்டுதான் வருகிறது. அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.